வாசலில் நின்ற மனுதாரர்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் என்னை, "இவ கவர்மெண்ட் வக்கீல்" என்றுதான் அறிமுகம் செய்வார். நான் அந்தப் பதவியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அத்தை மட்டும் விடவில்லை! கேட்பவர்கள் உடனே கண்களை அகல விரித்து, "அப்போ கொலைக் கேஸெல்லாம் பாப்பீங்களா?" என்பார்கள். "இல்லீங்க, காலேஜ் கேஸ்" என்று நான் சொன்னதும் முகம் தொங்கிவிடும். "காலேஜுக்கு எதுக்குங்க வக்கீல்?"

நியாயமான கேள்விதான். கொலை, கொள்ளை எல்லாம் பார்ப்பவர் பப்ளிக் பிராசிக்யூட்டர். நாங்கள் வேறு. அரசின்மேல் யாராவது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால், அரசுக்காக எழுந்து நிற்பவர்கள் நாங்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு துறை கொடுத்திருப்பார்கள். எனக்கு 2014லிருந்து 2021 வரை உயர் கல்வித் துறை. அரசுக் கலைக் கல்லூரிகளில் சீட் கிடைக்காத பிள்ளைகள், சம்பள நிலுவை கேட்கும் பேராசிரியர்கள், பணி நிரந்தரம் கேட்கும் கௌரவ விரிவுரையாளர்கள், கணவர் இறந்து நாலு வருஷமாகியும் குடும்பப் பென்ஷன் வராத அம்மாக்கள்... இத்தனை பேருக்கும் எதிர்ப்பக்கம் நிற்பது நான். பல்கலைக்கழகங்களுக்குத் தனியாக அவரவர் வக்கீல் உண்டு. பல கேஸ்களில் அவர்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "இது உங்க பொறுப்பு", "இல்லை, இது உங்க பொறுப்பு" என்று கிசுகிசுத்துக் கொண்டிருப்போம்.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரிகள் இந்த விஷயத்தில் பெரிய தலைவலி. 2002 வரை அவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. பிறகு வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து, அதன்கீழ்ப் போயின. 2021ல் விழுப்புரத்தில் தனியாக ஒன்று தொடங்கி, அந்த வருஷமே அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்து, இப்போது சிதம்பரத்தின்கீழ் இருக்கின்றன. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு மூன்று என்று ஆன பெண் மாதிரி! பழைய மார்க் ஷீட்டில் ஓர் எழுத்துத் திருத்தம் என்றால்கூட யாரிடம் போவது என்பதே ஒரு கேஸாகிவிடும்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மனு நகல் வந்ததும் அதைக் கல்லூரிக்கு அனுப்புவோம். பிரின்ஸிபால் பத்தி பத்தியாகப் பதில் குறிப்பு எழுதி அனுப்புவார். அதை வைத்து நாங்கள் எதிர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்வோம். 'கவுண்டர் அஃபிடவிட்' என்ற அதை ஆபீஸில் எல்லோரும் சுருக்கமாகக் 'கவுண்டர்' என்பார்கள். "கவுண்டர் ரெடியா?", "கவுண்டர் வந்துடுச்சா?" என்று கேட்டபடி ஃபைல் பையோடு வராந்தாவில் காத்து நிற்கும் பிரின்ஸிபால்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஊரில் ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர்கள், இங்கே உட்கார ஒரு ஸ்டூல் இல்லாமல் தூணில் சாய்ந்துகொண்டிருப்பார்கள்.

பெண் வக்கீலின் உடம்பு படும் பாட்டையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வெள்ளைப் புடவை, கழுத்துப் பட்டை, கறுப்புக் கோட்டு, அதன்மேல் கவுன். சென்னை வெயிலில்! கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். என்னைப் போலப் பலர் அப்படித்தான் இருந்தோம். 2015ல் இரண்டாவது குழந்தை உண்டாகியிருந்தபோது சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்துவிட்டது. "படிச்ச பொண்ணு நீ. கர்ப்பத்துல இது சிறுநீரகம் வரைக்கும் ஏறலாம், குறைமாசப் பிரசவம்கூட ஆகலாம், தெரியுமா?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அதிலிருந்து பையில் ஒரு தண்ணீர் பாட்டில். கேஸ் போனால் போகட்டும், மன்றாடித் திரும்பக் கூப்பிடச் சொல்லிக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டேன். கோர்ட்டோ, பள்ளிக்கூடமோ, ஜவுளிக் கடையோ, நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும் சகோதரிகள் இதைத் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே ஆறாம் மாதத்தில்தான் அந்தக் கேஸும் வந்தது. ஒரு கௌரவ விரிவுரையாளர், பிரசவ விடுப்புக்குச் சம்பளம் கேட்டிருந்தார். "தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு விடுப்பு விதிகள் பொருந்தாது" என்று வாதாட வேண்டியவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான்! நீதிபதி என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கதான் இதை எதிர்க்கறீங்களா அம்மா?" என்றார். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. தினக்கூலிப் பெண்களுக்கே பேறுகாலச் சலுகை உண்டென்று டில்லி மாநகராட்சி வழக்கில் 2000ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நான் அதிகம் பேசவில்லை. பேசவும் வேண்டியிருக்கவில்லை. அந்த விரிவுரையாளருக்குச் சம்பளம் கிடைத்தது. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு கேஸ். அதற்கு முன்னால் எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது கள்ளக்குறிச்சி. அப்பா கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். மேற்கே பார்த்தால் நீலமாகக் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் மலை ஏற்றம். மேலே வெள்ளிமலை. மலையிலிருந்து கடுக்காய், சாமை, தேன், புளி எல்லாம் இறங்கி வரும். கொண்டுவருபவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையை ஆளுகிறவர்கள் என்ற அர்த்தத்தில் இவர்களுக்கு அந்தப் பெயர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நாடு சுதந்திரம் அடைந்து எத்தனையோ வருஷம் கழித்தும், 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்றால் நம்புவீர்களா? கூலியில்லாத வேலை, கொத்தடிமை எல்லாம் அங்கே கதையல்ல.

எங்கள் கடையில் மலை ஜனங்களுக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்ததாம். அலுமினியம், விளிம்பு நசுங்கியது. வாசல் பிறையில் கவிழ்த்து வைத்திருக்கும். என் பாட்டி காலத்து ஏற்பாடு. அம்மா கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் அதை எடுத்துக் குப்பைமேட்டில் வீசிவிட்டார். பாட்டி மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா அசரவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் ஒரே எவர்சில்வர் சொம்புதான். எங்கள் அம்மா வாழ்க்கையில் செய்த ஒரே புரட்சி அது. அதைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

இனி கேஸ்.

2017 ஜூலை. கல்வராயன் மலையைச் சேர்ந்த ஒரு பெண், அரசுக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு கேட்டு மனுப் போட்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயசுதான். மைனர் என்பதால் மனுதாரர் அவள் அப்பா. கல்லூரி எது, சான்றிதழ் தாமதமான அலுவலகம் எது என்று நான் எழுதப்போவதில்லை. ஊரை வைத்து நீங்களாக ஊகிக்கவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. 1990லிருந்துதான் அந்த ஒன்றும் தனியாக. அறுபது பேர் வகுப்பில் கணக்குப் போட்டால் ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடத்துக்கு அவள் முதல் ஆள். மார்க்கும் இருந்தது. இல்லாதது சாதிச் சான்றிதழ். மார்ச்சிலேயே மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வைத்திருந்தாள். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989லிருந்து கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். விசாரணையில் ஒரு சிக்கல். அவள் தாத்தாவின் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் 'கவுண்டன்' என்று இருந்தது. மலையாளிகள் பெயரோடு அப்படிப் போட்டுக்கொள்வது நெடுங்கால வழக்கம். அது பட்டம், சாதியல்ல. ஆனால் கீழே இருப்பவர்களுக்குக் கவுண்டர் என்றால் வேறு அர்த்தமாயிற்றே! எங்கள் ஆபீஸில் கவுண்டர் வரவில்லை என்று கேஸ் நிற்கும். அந்தப் பெண்ணுக்குக் கவுண்டர் வந்ததால் சான்றிதழ் நின்றுவிட்டது.

அதிகாரிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பொய்ச் சான்றிதழ் வாங்கிப் பழங்குடியினரின் டாக்டர் சீட்டையும் பாங்க் வேலையையும் தட்டிப் பறித்தவர்கள் கொஞ்சநஞ்சமா? அதனால்தான் 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான வழிமுறை வகுத்தது. குலதெய்வம் எது, கல்யாணச் சடங்கு எப்படி, இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா என்றுகூட விசாரிக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. பொய்யர்களுக்காகப் போட்ட வேலி. அதில் கிழிபடுவது யார் புடவை என்று பார்த்தீர்களா? மாவட்ட எல்லையும் ஒரு கொடுமை. பட்டியலில் மலையாளிகளைத் தென் ஆற்காடு, சேலம், தருமபுரி என்று குறிப்பிட்ட பழைய மாவட்டங்களில்தான் பழங்குடி என்று எழுதியிருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் அதே ஜனங்கள்தான் என்றாலும் சான்றிதழ் கிடையாது.

கவுன்ஸிலிங் அன்று, "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கொண்டா" என்றிருக்கிறார்கள். எங்கிருந்து கொண்டுவருவாள்? பழங்குடியினர் இடத்துக்கு ஆள் வராவிட்டால் ஆதிதிராவிடர் பட்டியலுக்குத் தர வேண்டும் என்பது விதி. அப்படியே தந்துவிட்டார்கள். அந்த இடம் கிடைத்த பெண்ணும் கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைதான். பன்னிரண்டு நாள் கழித்து மலைப் பெண்ணுக்குச் சான்றிதழ் வந்தது.

கல்லூரியிலிருந்து பதில் குறிப்பு வந்தது. விதிப்படி நடந்தோம், காலி இடம் இல்லை, மனுவைத் தள்ளுபடி செய்க. நானும் அப்படியே கவுண்டர் தயாரித்துக் கையெழுத்துக்கு அனுப்பினேன். மனசில் ஒரு முள் இருந்தது என்பது உண்மை. ஆனால் தினம் இருபது ஃபைல் பார்ப்பவளுக்கு முள் குத்திக்கொண்டேதான் இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தேன். கேஸ் திங்கட்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. வெயிலில் முகம் வேர்த்து வழிந்தது.

"சென்னையில கவர்மெண்ட் வக்கீலம்மா வூடு இதானுங்களா?"

"நான்தான். என்ன விஷயம்?"

அவர் பெண்ணின் பெயரைச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. எதிர்த்தரப்புக் கட்சிக்காரரிடம் அவருடைய வக்கீல் இல்லாமல் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பார் கவுன்ஸில் விதி அது. பேசினால் அவருக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. நாளைக்கே யாராவது, "அரசு வக்கீல் வீட்டில் பேரம் நடந்தது" என்று எழுதிப் போட்டால் அவர் கேஸ்தான் முதலில் கெடும். இத்தனையையும் அந்த மனிதரிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு நிதானம் வரவில்லை.

"உங்ககிட்ட நான் பேசக் கூடாதுங்க. உங்க வக்கீலைப் போய்ப் பாருங்க. தயவுசெஞ்சு போயிடுங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பின்கட்டில் இருந்த அம்மா குரல் கேட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சொம்பில் தண்ணீரோடு வந்தார். கதவைத் திறந்தால் வாசலில் ஆளில்லை. திண்ணையில் மஞ்சள் பை மட்டும் இருந்தது. உள்ளே நாலு படி சாமை, ஒரு பாட்டில் தேன்.

"யாருடி வந்தது?"

சொன்னேன். விதியைச் சொன்னேன். சட்டத்தைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, "பேசக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, சரி. தண்ணி குடுக்கக் கூடாதுன்னுமா சொல்லுது? மாமியார்கிட்ட சண்ட போட்டு அந்த டம்ளரத் தூக்கி எறிஞ்சவ நான். எம் பொண்ணு கதவச் சாத்தறா!" என்றார். மத்தியானம் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் பிரின்ஸிபாலுக்கு போன் போட்டேன்.

"ஸார், ஒரு சின்ன விவரம். இன்னிக்குத் தேதியில பி.ஏ. ஹிஸ்டரியில யாராவது டி.சி. வாங்கிட்டுப் போயிருக்காங்களா?"

"அது எதுக்கு மேடம்? கவுண்டர்லதான் எழுதிட்டோமே, காலி இல்லன்னு."

"நீங்க எழுதினது ஜூலையில. இப்போ ஆகஸ்ட் ஸார்."

இழுத்து இழுத்துச் சொன்னார். இரண்டு பேர் இன்ஜினீயரிங் போய்விட்டார்கள், ஒருத்தி நர்ஸிங். ஆக, மூன்று காலி. ஆனால் சேர்க்கை முடிந்துவிட்டது, இனிமேல் சேர்த்தால் ஆடிட்டில் கேள்வி வரும், பல்கலைக்கழகம் ஒப்புதல் தராது என்று பயந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்த மனிதர்.

"திங்கக்கிழமை இதைக் கோர்ட்டுல சொல்ல வேண்டியிருக்கும் ஸார்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "மேடம், நீங்க எங்க வக்கீலா, அவங்க வக்கீலா?"

இந்தக் கேள்வியை ஏழு வருஷத்தில் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அரசுக்காக ஒரு கேஸில் நான் சம்மதம் சொல்ல முடியாது. துறை எழுத்தில் அனுமதி தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் அது வராது. ஆனால் காலி இடம் உண்டு என்று தெரிந்த பிறகு, இல்லை என்று எழுதிய காகிதத்தை எடுத்துப் படிக்கவும் என்னால் முடியாது. அரசு எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று வழக்காடக் கூடாது, நேர்மையான வழக்காளியாக இருக்க வேண்டும் என்று 1973லேயே ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார். அதைப் பிரின்ஸிபாலிடம் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்சுடுச்சே ஸார், இனிமே தெரியாத மாதிரி நிக்க முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மஞ்சள் பையோடுதான் உயர் நீதிமன்றத்துக்குப் போனேன். கேஸ் கட்டு ஒரு கையில், சாமையும் தேனும் மறு கையில்! எதிர்த்தரப்பு வக்கீல் இலவசச் சட்ட உதவியில் வந்த இளைஞர். அவரைத் தனியே கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, பையைக் கொடுத்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். "மேடம், நான் மேன்ஷன்ல இருக்கேன். சாமையை வெச்சு என்ன பண்ணுவேன்?"

"உங்க கட்சிக்காரர்கிட்டத் திருப்பிக் குடுங்க. கோபத்துல திருப்பலன்னும் சொல்லுங்க."

கேஸ் கூப்பிட்டதும் அந்தப் பையன் நன்றாகத்தான் பேசினான். ஆனால் முக்கியமான தீர்ப்புகளைச் சொல்லவில்லை. தகுதி இருப்பது வேறு, தகுதிக்கான காகிதத்தை நீட்டுவது வேறு. காகிதம் கொஞ்சம் பின்னால் வந்தாலும் தகுதி போய்விடாது என்று 1980ல் சார்லஸ் ஸ்காரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒரிசாவில் படைவீரர் ஒருவரின் மகள், அலுவலகம் தப்பாகக் கொடுத்த சான்றிதழால் மருத்துவப் படிப்பை இழக்கப் போனபோது, 2004ல் டோலி சாந்தா வழக்கில் இதையே மறுபடியும் சொன்னது. நீதிபதி என் பக்கம் திரும்பி, "அரசு என்ன சொல்கிறது?" என்றார். கவுண்டரில் இருப்பதைச் சொன்னேன். அது ஜூலை நிலவரம் என்றும், இன்றைக்கு மூன்று இடம் காலி என்றும் சொன்னேன். இந்த இரண்டு தீர்ப்பும் எங்களுக்கு எதிராக இருக்கின்றன, கோர்ட்டின் பார்வைக்கு வைக்கிறேன் என்றேன். சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் சொன்னேன்.

பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஏற்கெனவே சேர்ந்த பெண்ணைத் தொந்தரவு செய்யாமல், காலி இடம் ஒன்றில் ஒரு வாரத்துக்குள் இவளைச் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒப்புதல் தர வேண்டும். அந்த இன்னொரு பெண்ணுக்குத் தன் இடத்தைப் பற்றி ஒரு கேஸ் நடந்ததே தெரிந்திருக்காது.

என்மேல் ஒரு புகார் கடிதம் போனது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அம்மாவிடம் போனில், "அந்தப் பொண்ணுக்கு சீட் கிடைச்சிடுச்சும்மா" என்றேன். "சரி, சந்தோஷம். அந்த மனுஷன் தண்ணி குடிச்சாரா?" என்றார்.

எல்லாக் கேஸும் இப்படி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நேரம் தாண்டி வந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு எதிராக நின்று ஜெயித்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்கு நினைவில்லை, அதுதான் கஷ்டம். 2024ல் உத்தரப்பிரதேசத்து தினக்கூலி ஒருவரின் மகன், 17,500 ரூபாயைச் சில நிமிஷத் தாமதத்தில் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் அதை வாங்கினான். பேப்பரில் அதைப் படித்த அன்று, எனக்குப் பழைய டைரிகளைப் புரட்டப் பயமாக இருந்தது.

2021ல் ஆட்சி மாறியது. எங்கள் வேலை ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போவது. கவுனை எடுத்துக்கொண்டு சொந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகு கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. ரோடு உண்டா, பஸ் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேள்விமேல் கேள்வி. அந்த வருஷக் கடைசியில், சட்ட உதவி பற்றிப் பேச நாங்கள் நாலைந்து பேர் வெள்ளிமலைக்குப் போனோம். இப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து. ஊரில் மெடிக்கல் காலேஜ்கூட 2022ல் திறந்தாகிவிட்டது. மலை ரோட்டு வளைவுகள் மட்டும் அப்படியே வயிற்றைப் பிரட்டின. கிளம்பும்போது அம்மா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அந்த மனுஷனப் பாத்துட்டு வா."

பார்க்க முடியவில்லை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போயிருந்தார். பெண் இருந்தாள். வரலாறு முடித்து, பி.எட். முடித்து, உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் தொகுப்பூதியத்தில் டீச்சர். கல்யாணமாகி ஐந்து மாதம் உண்டாகியிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. எதிர்ப்பக்கத்து வக்கீலை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

"உங்கப்பா ஒருநா எங்க வீட்டுக்கு வந்தாரும்மா. நான் ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டேன்."

"அப்படியா? எங்ககிட்ட சொல்லவே இல்லீங்களே!" என்றாள். பிறகு யோசித்து, சிரித்துவிட்டாள். "சாமைப் பை ஒண்ணு சென்னை பாத்துட்டு வந்துச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது எதுக்குன்னு மட்டும் சொன்னதில்ல."

வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. கேட்டாள். "மேடம், தொகுப்பூதியத்துல இருக்கறவங்களுக்குப் பிரசவ லீவு உண்டுங்களா? கேட்டா வேலைக்கு வேற ஆள் போட்டுடுவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க."

எந்தத் தேதியில் சேர்ந்தாய், பிரசவத் தேதி என்ன என்று கேட்டேன். பிரசவத்துக்கு முந்தின பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் பேறுகாலச் சட்டப்படி கேட்கலாம். 1961ல் வந்த அந்தச் சட்டம், 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. தினக்கூலிப் பெண்கள் ஜெயித்த அந்தப் பழைய தீர்ப்பையும் சொன்னேன். நான் தோற்ற கேஸையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாயால கேக்காதே. எழுதிக் குடு. நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோ. ஒப்புகைச் சீட்டோட அருமை உனக்குத் தெரியாததா?" என்றேன்.

கீழே போகும் பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. மனுவை அங்கேயே எழுதிவிடலாம் என்று பையில் பேனாவைத் தேடினேன், காணோம். அவளே சிவப்பு மைப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தாள், பிள்ளைகள் நோட்டுத் திருத்துவது. "சிவப்புல மனு எழுதலாங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்து உட்கார்ந்தாள். கூடாது என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனிடம் நீல மை வாங்கி வரச் சொன்னோம்.